பதக்கத்தில் பொறித்த ஆண்டை நம்புவதற்கு முன்

அரசியல் பதக்கங்களையும், தனியார் அடித்த காசு போன்ற வில்லைகளான டோக்கன்களையும் சேர்க்கத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது அவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும் ஆண்டைத்தான். 1791 என்றோ 1801 என்றோ தெளிவாக எழுதியிருக்கும்போது, கையிலிருக்கும் பொருள் அந்த ஆண்டில்தான் உருவானது என்று எடுத்துக்கொள்வது இயல்பு. பல ஆண்டுகளாக இவற்றை வாங்கியும் விற்றும், பிறருடைய சேகரிப்புகளை மதிப்பிட்டுக் கொடுத்தும் வந்தவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பொறித்த ஆண்டு நிகழ்வுக்கு உரியது. அடித்த ஆண்டு தனியாகத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது. ஒரே தோற்றமுள்ள இரண்டு பதக்கங்களின் விலையில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்தால், அதற்கான காரணம் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் இருக்கும்.

புழக்கக் காசுகளில் இந்தக் குழப்பம் குறைவு. நாணயம் அடிக்கும் அக்கசாலை, காசில் உருவத்தைப் பதிக்கும் தன் எஃகு அச்சுகளைத் தன் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கும், தேய்ந்ததும் ஒதுக்கிவிடும். பதக்க அச்சுகளின் கதை வேறு. அவை பாதுகாக்கப்படும், விற்கப்படும், வேறொரு பட்டறைக்குப் போகும், அரை நூற்றாண்டு கழித்தும் மீண்டும் அழுத்தியின் கீழ் ஏறும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, பர்மிங்ஹாமுக்கு அருகே மேத்யூ போல்டன் நடத்திய சோஹோ அக்கசாலை. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சில்லறைத் தட்டுப்பாடு முற்றியபோது, பாரிஸ் வணிகர்களான மொன்னரோன் சகோதரர்கள் 1791, 1792 ஆண்டுகளில் தங்கள் ஐந்து சோல், இரண்டு சோல் (சோல் என்பது பழைய பிரெஞ்சுச் சில்லறை அலகு) செப்பு டோக்கன்களை அங்கேதான் அடிக்கச் செய்தார்கள். 1792இல் பிரெஞ்சு அரசு தனியார் டோக்கன்களைத் தடை செய்ததும் அந்த முயற்சி நின்றுபோனது. ஆனால் சோஹோ அக்கசாலை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மூடப்பட்டு அதன் பொருள்கள் ஏலத்துக்கு வந்தபோது, அங்கிருந்த அச்சுகள் பலவற்றை டபிள்யூ. ஜே. டெய்லர் என்ற அச்சு செதுக்குநர் வாங்கிக்கொண்டு, சேகரிப்பாளர்களுக்காக மீண்டும் அடித்து விற்றார். அதனால் சோஹோவில் பிறந்த எந்த வடிவமைப்பைக் கையில் எடுத்தாலும், அடித்தவர் போல்டனா டெய்லரா என்ற கேள்வியோடுதான் நான் தொடங்குகிறேன்.

இந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு மிகவும் உதவியது துருவின் தடம். எஃகு அச்சு பல ஆண்டுகள் சும்மா கிடந்தால் அதன் முகத்தில் துருப்பிடித்து நுண்ணிய குழிகள் விழும். அந்த அச்சால் அடிக்கப்படும் பதக்கத்தில் அந்தக் குழிகள் மேடுகளாக, வேர்க்குரு போன்ற சிறு புள்ளிகளாக எழுந்து நிற்கும். பதக்கமே அரிக்கப்பட்டிருந்தால் புள்ளிகள் உள்வாங்கியிருக்கும். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸின் கீழ், ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஒளி விழும்படி சாய்த்துப் பிடித்தால் மேடும் பள்ளமும் தெளிவாகப் பிரியும். எழுத்துகளும் முகமும் கூர்மையாக இருக்க, வெற்றுப் பரப்பில் மட்டும் இத்தகைய மேட்டுப் புள்ளிகள் சிதறிக் கிடந்தால், அச்சு நெடுங்காலம் தூங்கி எழுந்த பிறகு அடிக்கப்பட்டது என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. துருவை மறைக்க அச்சை மெருகேற்றியிருந்தால் மெல்லிய விவரங்கள் சில மறைந்துபோயிருக்கும். இதை அறிய, ஐயமற்ற மூலப் பிரதியின் நல்ல படம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். விற்பனையாளர்கள் அனுப்பும் படங்களில் இந்த நுணுக்கம் தெரியாது. சாய்ந்த ஒளியில் எடுத்த படம் வேண்டும் என்று நான் கேட்டு வாங்குவது வழக்கம். தர மறுப்பவரிடம் வாங்குவதில்லை.

பாரிஸ் அக்கசாலையின் பதக்கங்களில் வேலை இதைவிட எளிது, ஏனென்றால் அவர்கள் விளிம்பிலேயே காலத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். 1832 முதல் 1841 வரை அடித்தவற்றின் விளிம்பில் பழங்கால விளக்கு ஒன்றின் சிறு முத்திரை இருக்கும். அதன் பின் குறுகிய காலம் நங்கூரம். 1842 முதல் 1845 வரை கப்பலின் முகப்பு. 1845 முதல் 1860 வரை சுட்டும் கை. 1860க்குப் பின் தேனீ. 1880 முதல் வளமைக் கொம்பு. முத்திரைக்குப் பக்கத்தில் உலோகத்தின் பெயரும் பிரெஞ்சில் இருக்கும். டெனோன் இயக்குநராக இருந்த காலத்தில் உருவான நெப்போலியன் பதக்கங்கள் இன்றும் சந்தைக்கு ஏராளமாக வருகின்றன. அவற்றில் பேரரசின் ஆண்டு கம்பீரமாகப் பொறிக்கப்பட்டிருக்க, விளிம்பில் தேனீயோ கொம்போ அமைதியாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும். தேனீ நெப்போலியனின் சின்னங்களுள் ஒன்றும்கூட என்பதால், புதிதாக வருபவர்கள் அதையே அசல் என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 1832க்கு முந்தையவற்றின் விளிம்பு வெறுமையாக இருக்கும் என்பது விதி. ஆனால் வெறுமையான விளிம்பெல்லாம் 1832க்கு முந்தையது அல்ல. முத்திரையை அரத்தால் தேய்த்து எடுத்துவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் விட்டம் சிறிதாவது குறையும், விளிம்பில் ஒரே திசையில் ஓடும் கீறல்கள் தென்படும், அந்த இடத்தின் நிறம் மற்ற பகுதிகளோடு ஒட்டாது. ஆகவே காலிப்பர் கொண்டு ஒரே பதக்கத்தின் விட்டத்தை நான்கைந்து திசைகளில் அளந்து பார்ப்பது நல்லது.

அமெரிக்க அரசு பூர்வகுடித் தலைவர்களுக்கு வழங்கிய சமாதானப் பதக்கங்களிலும் இதே பாடம்தான், வேறு வடிவில். அதிபர் ஜெஃபர்சனின் முகமும் 1801 என்ற ஆண்டும், மறுபக்கத்தில் கைகுலுக்கும் இரு கைகளும் கொண்ட பதக்கம் புகழ்பெற்றது. அமெரிக்காவின் மேற்கை ஆராயச் சென்ற லூயிஸ், கிளார்க் பயணத்தில் கொடுக்கப்பட்டவை இந்த வகையே. அக்காலத்தில் அவ்வளவு அகலமான வெள்ளித் தகட்டைத் திண்மையாக அடிப்பது கடினமாக இருந்ததால், இரண்டு மெல்லிய வெள்ளித் தகடுகளைத் தனித்தனியே அடித்து வெள்ளி வளையத்தால் இணைத்தார்கள், உள்ளே வெற்றிடம். பிற்காலத்தில் அமெரிக்க அக்கசாலை பொதுமக்களுக்கு விற்ற பதக்கங்கள் திண்மையான வெண்கலத்தில் ஆனவை. குடும்பச் சொத்தாக வந்தது என்று சொல்லி யாராவது இதைக் கொண்டுவந்தால், கையில் வாங்கிய கணத்திலேயே விடை பாதி தெரிந்துவிடும். வெண்கலப் பிரதிக்கும் ஒரு மதிப்பு உண்டு, பழைய வெண்கலப் பிரதிகளை விரும்பிச் சேர்ப்பவர்களும் உண்டு. ஆனால் அதை அக்கால அசலுக்குரிய விலையில் பேச முடியாது. கொண்டுவந்தவரிடம் இதைச் சொல்லும்போது, அவர் குடும்பம் பொய் சொல்லியது என்ற பொருள் வராமல் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அந்தத் தாத்தா அக்கசாலையிலேயே நேர்மையாக வாங்கியிருப்பார். கதை மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை வளர்ந்திருக்கும்.

இதுவரை சொன்னவை காலம் கடந்து அடிக்கப்பட்டவை. சிக்கலான இன்னொரு வகை, அதே காலத்திலேயே சேகரிப்பாளர்களுக்காக அடிக்கப்பட்டவை. தாமஸ் ஸ்பென்ஸ் இதற்குச் சரியான ஆள். நிலம் எல்லாருக்கும் பொது என்று வாதிட்ட, லண்டனில் புத்தகக் கடை நடத்திய, அதற்காகச் சிறைக்கும் போன தீவிர மாற்றம் கோரிய இந்தச் சிந்தனையாளர் 1790களில் தன் கருத்துகளைச் செப்பு டோக்கன்களில் அடித்துப் பரப்பினார். பிரதமர் பிட்டின் முடிவைத் தூக்குமேடையாகக் காட்டும் டோக்கன் அவற்றுள் ஒன்று. அவரே டோக்கன் வணிகரும் ஆவார். 1795இல் சேகரிப்பாளர்களுக்கான கையேடு ஒன்றையும் வெளியிட்டார். ஒரு டோக்கனின் முன்பக்க அச்சையும் தொடர்பில்லாத மற்றொன்றின் பின்பக்க அச்சையும் சேர்த்து அடித்து, புதிய வகை என்று விற்பது அவருக்குக் கைவந்த கலை. இவற்றைச் சேகரிப்பாளர்கள் கோவேறு கழுதை என்று அழைப்பது வழக்கம். இவை போலி அல்ல, காலமும் சரிதான். ஆயினும் தெருவில் கைமாறி அரசியல் பேசிய டோக்கனும், வெளியான அன்றே ஒரு சேகரிப்பாளரின் இழுப்பறைக்குள் போன டோக்கனும் வரலாற்றுச் சான்று என்ற அளவில் ஒன்றல்ல. எனக்கு வேண்டியது முன்னது. அரசியல் சீர்திருத்தம் கோரிய லண்டன் கரெஸ்பாண்டிங் சொசைட்டியின் செயலாளர் தாமஸ் ஹார்டி, தேசத்துரோகக் குற்றச்சாட்டிலிருந்து 1794 நவம்பர் 5ஆம் நாள் விடுவிக்கப்பட்டதைக் கொண்டாடும் டோக்கன்களில், நன்றாகத் தேய்ந்த ஒன்றைத்தான் தேடி வாங்கினேன். தேய்ந்ததற்குச் சந்தையில் விலை குறைவு. அந்தத் தேய்மானத்துக்காகவே வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது வசதி.

தேய்மானத்தைப் படிக்கும் திறமை மிகவும் தேவைப்படுவது குத்தப்பட்ட காசுகளில். பிரிட்டனில் பெண்கள் வாக்குரிமைக்காகப் போராடியவர்கள், புழக்கத்திலிருந்த வெண்கலப் பென்னியின் மீது, மன்னர் ஏழாம் எட்வர்டின் முகத்துக்குக் குறுக்கே, "பெண்களுக்கு வாக்கு" என்ற முழக்கத்தின் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுத்தியலால் குத்தினார்கள். 1903ஆம் ஆண்டுப் பென்னி ஒன்று இப்படிக் குத்தப்பட்ட நிலையில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அசலான ஒன்றுக்கு மிகுந்த மதிப்பு. எட்வர்ட் பென்னியோ மலிவாக எங்கும் கிடைக்கும். எழுத்து குத்தும் உளியும் கருவிக் கடைகளில் கிடைக்கும். எனவே போலிகள் பெருகுவதில் வியப்பில்லை. உலோகத்தில் எழுத்தைக் குத்தும்போது, வெளியே தள்ளப்படும் உலோகம் எழுத்தின் ஓரங்களில் சிறிய வரப்பாக எழும். குத்திய பிறகு காசு புழங்கியிருந்தால் அந்த வரப்பு மழுங்கியிருக்கும். எழுத்தின் பள்ளத்துக்குள் படிந்த நிறமும் வெளிப் பரப்பின் நிறமும் ஒரே குடும்பமாக இருக்கும். வரப்பு விரலில் உறுத்தினால், அல்லது பள்ளத்தின் அடியில் உலோகம் பளிச்சென்று தெரிந்தால், நான் அந்தக் காசை மேசையில் வைத்துவிடுவேன். இதோடு எழுத்துகளின் வடிவத்தையும் அமைப்பையும் அறிந்த அசல்களின் படங்களோடு ஒப்பிட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் தீராவிட்டால், ஐயத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளும் ஆசை எனக்கு வருவதில்லை. இந்த வகையில் ஐயம் என்பதே விலையின் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

அதே இயக்கத்தின் உண்ணாவிரதப் பதக்கங்கள் மதிப்பீட்டில் நேர் எதிரான வகை. டாய் நிறுவனம் தயாரித்த அந்த வெள்ளிப் பதக்கங்கள், ஊதா, வெள்ளை, பச்சை நிற நாடாவோடு பெட்டியில் வைத்து வழங்கப்பட்டன. பெற்றவரின் பெயரும் சிறைப்பட்ட அல்லது பலவந்தமாக உணவு ஊட்டப்பட்ட தேதிகளும் அவற்றில் உண்டு. இங்கே பொருள் தன் வரலாற்றைத் தானே சொல்கிறது. அந்தச் சொல்லைச் சரிபார்க்கவும் முடிகிறது. பெயரையும் தேதியையும் அக்காலச் செய்தித்தாள்களோடும் கைது, சிறைத் தகவல்களோடும் ஒப்பிட்டுப் பொருந்தினால் மதிப்பு உயரும். பெட்டியும் அதனுள் அச்சிட்ட வாசகமும் உடனிருந்தால் இன்னும் உயரும். பெட்டியைத் தனியே பிரித்து விற்பது போன்ற பாவம் வேறில்லை.

வார்ப்பு என்றால் போலி என்று கற்றுக்கொண்டு வருபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அடிக்கப்பட வேண்டிய பதக்கம் உருக்கி வார்க்கப்பட்டிருந்தால், எழுத்தின் ஓரங்கள் சோப்பு போல வழுக்கலாகவும், பரப்பில் காற்றுக் குமிழியின் தடங்களோடும், விளிம்பில் இணைப்புக் கோட்டோடும் இருக்கும், எடையும் பொருந்தாது. இந்த விதி பெரும்பாலும் செல்லும். ஆனால் 1896 அமெரிக்கத் தேர்தலில், வெள்ளியைத் தடையின்றி நாணயமாக்க வேண்டும் என்ற வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனைக் கேலி செய்ய வெளிவந்த பிரையன் டாலர்களில், ஈயக் கலவையிலும் இரும்பிலும் வார்க்கப்பட்ட முரட்டுத் தட்டுகளே அசல். அவற்றோடு உயர்தர வகை ஒன்றும் உண்டு: கோர்ஹாம் நிறுவனத்தின் பெரிய வெள்ளி வட்டு, அரசு டாலரின் அளவைத் தன்மேல் ஒரு வட்டமாகக் காட்டி, ஒரு டாலர் பெறும் வெள்ளி 823 கிரெயின் என்று எழுதியிருக்கும். அரசு டாலரின் எடை 412.5 கிரெயின்தான். வாதம் முழுவதையும் தராசில் வைத்துக் காட்டும் இப்படியொரு அரசியல் பொருளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வாங்குபவரும் தராசில் வைத்துப் பார்க்கலாம்: 823 கிரெயின் என்பது ஏறக்குறைய 53.3 கிராம்.

விலையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்வதானால், வயதுக்கும் விலைக்கும் நேரடி உறவு இல்லை, அரிய தன்மைக்கும் விலைக்கும் இருக்கும் உறவும் தளர்வானதே. 1837இல் அமெரிக்க வங்கிகள் தாள் பணத்துக்கு ஈடாக உலோகப் பணம் தர மறுத்த நெருக்கடியை ஒட்டிப் புழங்கிய செப்பு டோக்கன்கள் ஏராளம். ஆமை ஒன்று பணப்பெட்டியைச் சுமக்க, மறுபக்கத்தில் கழுதை ஒன்று முன்னவரின் அடிச்சுவட்டில் நடப்பதாகச் சொல்லி ஆண்ட்ரூ ஜாக்சனையும் அவருக்குப் பின் அதிபரான வான் பியூரனையும் ஒருசேரக் கிண்டல் செய்யும் டோக்கன் எளிதாகக் கிடைக்கும். மண்டியிட்ட அடிமைப் பெண் "நான் ஒரு பெண்ணும் சகோதரியும் அல்லவா" என்று கேட்கும் 1838ஆம் ஆண்டு டோக்கனும் அரிதானதன்று. ஆனால் டோக்கன் சேர்ப்பவர், அடிமை ஒழிப்பு வரலாற்றில் ஈடுபாடுடையவர், பெண்கள் வரலாற்றைச் சேர்ப்பவர், அருங்காட்சியகம் என்று பல தரப்பினரும் அதற்கே போட்டியிடுவதால் கழுதையைவிட அதன் விலை பல மடங்கு. அதைவிட மிக அரிதான ஓர் அச்சு வேறுபாட்டுக்கு, அந்த வேறுபாட்டை எண்ணிக் கொண்டிருக்கும் சிலர் மட்டுமே வாடிக்கையாளர். மதிப்பிடும்போது நான் முதலில் கேட்பது, இதற்கு எத்தனை வகையான ஆட்கள் ஏலத்தில் கை தூக்குவார்கள் என்பதே.

பட்டியல் நூல்கள் இல்லாமல் இந்தத் துறையில் நடமாட முடியாது. 18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் டோக்கன்களுக்கு டால்டன், ஹாமர் இருவரின் எண்கள். 1837 நெருக்கடிக் கால டோக்கன்களுக்கு லைமன் லோவின் எண்கள். அமெரிக்கத் தேர்தல் பதக்கங்களுக்கு டிவிட்டின் எண்கள். இவற்றில் வரும் அரிய தன்மைக் குறியீடுகளை ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போர் டோக்கன்களுக்கு ஃபுல்ட் வகுத்த அளவுகோல் பத்துப் படிகள் கொண்டது. அதில் எட்டாம் படி என்றால் ஐந்து முதல் பத்துப் பிரதிகள் இருக்கலாம் என்று பொருள். பெரிய செப்பு சென்ட்களுக்கு ஷெல்டன் வகுத்த அளவுகோலில் எட்டே கடைசிப் படி. ஒன்று முதல் மூன்று பிரதிகளே என்று பொருள். விளம்பரத்தில் வெறும் எட்டு என்று மட்டும் போட்டிருந்தால், எந்த அளவுகோல் என்று கேட்காமல் மேலே போக வேண்டாம். ஃபுல்ட் பட்டியலில் வெள்ளி போன்ற உலோகங்களில் வரும் உச்ச அரிய வகைகள் பலவும் அப்போதைய சேகரிப்பாளர்களுக்காக அடிக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அங்கே வேறொன்று: கொடியை இறக்க முயல்பவனை அந்த இடத்திலேயே சுடு என்ற கருவூலச் செயலர் ஜான் டிக்ஸின் ஆணையைப் பொறித்த டோக்கனில், இடம் என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் செதுக்கிவிட்ட வகை. சுத்தமான எழுத்துப்பிழை, அதற்கென்றே ஒரு கூட்டம் அலைகிறது.

ஏல முடிவுகளை ஒப்பிடும்போது சுத்தியல் விலையா (ஏலத்தில் முடிவான தொகை மட்டும்), வாங்குபவர் கட்டணம் சேர்த்த விலையா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்; இரண்டும் கலந்த ஒப்பீட்டால் மதிப்பீடு கோணலாகும். ஒரே ஓர் ஏலத்தின் உச்ச விலையை நான் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு பிடிவாதக்காரர்கள் அன்று ஒரே அறையில் இருந்திருக்கலாம். துளையிட்ட பதக்கங்களைப் பற்றியும் ஒரு சொல்: 1840 அமெரிக்கத் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹாரிசனின் மரக்குடிசைப் பதக்கங்கள் சட்டையில் அணிவதற்காகவே துளையிடப்பட்டவை. காசில் துளை பெரிய குறை. இங்கே அது பொருளின் வேலை. பின்னாளில் தாறுமாறாகப் போட்ட துளை வேறு. துடைத்துப் பளபளப்பாக்கிய பதக்கத்துக்கு எந்தச் சமாதானமும் இல்லை. போன நிறம் திரும்பாது.

இருபதாம் நூற்றாண்டுப் பொத்தான் பேட்ஜ்களில் நான் அதிகம் ஈடுபடவில்லை. ஆனால் 1972இல் வணிக நிறுவனங்கள் விளம்பரத்துக்காகப் பழைய தேர்தல் பேட்ஜ்களின் பிரதிகளைப் பெருவாரியாக வெளியிட்டன என்பதும், நகல் அரசியல் பொருள்களில் தயாரித்த ஆண்டைக் குறிக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் 1973இல்தான் வந்தது என்பதும் தெரிந்திருந்தால் பல ஏமாற்றங்கள் தவிரும். முந்தைய நகல்களில் சட்டப்படியான குறிப்பைத் தேடிப் பயனில்லை; மடிந்த ஓரத்தில் உள்ள சிறு எழுத்துகளைத்தான் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பில் இரண்டு செய்திகள் போதும். மென்மையான பிவிசி உறைகளில் வைத்த செம்பு, காலப்போக்கில் பச்சைப் பிசுபிசுப்பால் மூடப்படும். ஈயமும் ஈயக் கலவையும் ஓக் மர இழுப்பறைகளில் கசியும் அமில ஆவியால் வெண்பொடியாக உதிரும். அமிலமற்ற காகித உறை, உலோக அலமாரி, உலர்ந்த அறை ஆகியவற்றோடு என் ஏற்பாடு முடிந்துவிடுகிறது.

இறந்தவரின் சேகரிப்பை மதிப்பிடக் குடும்பத்தார் அழைக்கும்போது, நான் போவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டுக்கொள்வது, எதையும் கழுவ வேண்டாம், உறைகளிலிருந்து எடுக்க வேண்டாம், சிறு சீட்டுகளைக் குப்பையில் போட வேண்டாம் என்பதே. மங்கிய மையில் யாரிடம், எப்போது வாங்கியது என்று எழுதிய ஒரு சீட்டு, பொருளின் இருப்பை நூறு ஆண்டுகள் பின்னோக்கி நிறுவிவிடக்கூடும். டெய்லருக்கு முன்பே அது ஒருவர் கையில் இருந்தது என்று காட்டினால் மறுஅடிப்பு என்ற ஐயமே எழாது. மதிப்பீட்டுக் குறிப்பில் ஒரே தொகையை எழுதாமல் ஒரு வரம்பைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எடை, விட்டம், விளிம்பின் நிலை, பட்டியல் எண், அசலா மறுஅடிப்பா என்ற முடிவு, அந்த முடிவுக்கான காரணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கையெழுத்திடுகிறேன். எந்தச் சீட்டு எந்தப் பொருளுடையது என்பதையும் அதிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் ஏலத்துக்கு அனுப்பும் வழியில் முதலில் தொலைவது சீட்டுதான்.